கேமராவுக்குப் பக்கத்து நாற்காலி

சுத்தியல் சத்தம் நின்றுபோனதுதான் லெனோருக்கு முதலில் உறைத்தது. ஒத்திகை நேரத்தில் ஸ்டூடியோவில் யாரும் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை. மேலே பலகைப் பாலத்தில் விளக்கு நகர்த்துகிறவர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். பக்கத்தில் நாளைக்கு வேண்டிய வரவேற்பறைக்குத் தச்சர்கள் ஆணி அடிப்பார்கள். இதற்கு நடுவில் நடிகர்கள் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு, எங்கே நிற்பது எங்கே திரும்புவது என்று தரையில் ஒட்டிய பட்டைகளைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். நாலு வருஷமாக அந்த இரைச்சலுக்குள்தான் லெனோர் வேலை பார்க்கிறாள். அது இப்போது அடங்கிவிட்டது. சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வின்னி பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ வீட்டை விட்டுப் போன அன்னைக்கு உனக்கும் சேர்த்துத்தான் தட்டு வச்சேன். கை பழக்கம். அப்பா பார்த்தாரு, ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டு முடிச்சு எழுந்தவரு, மூணு தட்டையும் அவரே கழுவினாரு. அதுக்கு முன்னாடி அவர் ஒரு தட்டு கழுவி நான் பார்த்ததில்ல."

அடுத்தது லெனோரின் வசனம். "ஏன் எனக்குச் சொல்லி அனுப்பலை?" என்பது மட்டும்தான். மேசையில் தட்டு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். காகிதத்தில் படித்தபோது அந்தத் தட்டுக் கதை சாதாரணமாகத்தான் இருந்தது. லெனோர் நடிக்கும் டாக்டர் மனைவியைத் தேடி, ஊரில் தனியாகக் கிடந்த அக்கா வருகிறாள், பழைய மனத்தாங்கலைப் பேசித் தீர்க்கிறார்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஆப்பிள் பணியாரம் சாப்பிடுகிறார்கள். வாரா வாரம் அமெரிக்காவில் உள்ள வீடுகளெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் தொடர் அது. அக்காவாக நடிக்கும் வின்னி வெறும் பேச்சாலேயே அந்த மூன்று தட்டையும் மேசை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மேலே பாலத்தில் நின்ற விளக்குக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை முடிந்ததும் ஹோவர்ட் லெனோரை ஓரமாக அழைத்தான். அவள் கணவன், தொடரின் தயாரிப்பாளர், எப்போதும் வயிற்றுவலி மாத்திரையைச் சப்பிக்கொண்டே பேசுகிறவன்.

"இந்தம்மாவை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?"

"நான்தானே கூட்டிட்டு வந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். அடுத்த வருஷம் அக்காவை இந்த வீட்டோடயே தங்க வச்சுட்டா என்ன? க்ளோசப் எப்படி விழுதுன்னு பார்ப்போம். அது மட்டும் சரியா வந்துட்டா எழுதுறவங்ககிட்ட பேசிடறேன்."

"நல்ல யோசனைதான்" என்று லெனோர் சிரித்தாள். சிரிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளுக்குள் பயந்தாள்.

அவளுடைய வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயத்தைக் குறை சொல்லத் தோன்றாது. நெப்ராஸ்காவிலிருந்து ரயிலேறி வந்தபோது அவள் ஹல்டா நீல்சன். ஸ்டூடியோவில் ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். முதல் வாரம் பெயரை மாற்றினார்கள், இரண்டாம் வாரம் பல்லை மாற்றினார்கள், நெற்றி சிறியதாக இருக்கிறதென்று முன்மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். இவ்வளவும் செய்துவிட்டுக் கதாநாயகன் கடைசியில் கட்டிக்கொள்ளாத பெண்ணாகவே அவளை வைத்திருந்தார்கள். பதினைந்து வருஷம் அவள் வெள்ளித்திரையில் மோதிரத்தைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். அதை அவள் அழகாகச் செய்வாள் என்று விமர்சகர்கள்கூட எழுதினார்கள். முப்பத்தைந்து தாண்டியதும், நேற்று வரை மோதிரம் கொடுத்த நடிகருக்கே அம்மாவாக நடிக்கச் சொன்னார்கள். பிறகு அதுவும் இல்லை. தொலைபேசி மணி அடிக்காத இரண்டு வருஷங்களில் அவள் வீட்டில் ரோஜாச் செடிகளை வெட்டி வெட்டி மொட்டையாக்கினாள். தொலைக்காட்சிப் பெட்டியைச் சினிமாக்காரர்கள் தீண்டத்தகாததாக நினைத்த காலம் அது. ஹோவர்ட்தான் போகலாம் என்றான், போனார்கள், ஐம்பத்திரண்டாவது வயதில் லெனோர் பிரைஸ் முதல்முறையாகக் கதாநாயகியானாள். காய்கறிக் கடையில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தொடரில் அவள் பிள்ளைக்கு வந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள். அவ்வளவு தாமதமாகக் கிடைத்ததை யாரும் லேசாக விட்டுவிட மாட்டார்கள்.

வின்னி நல்ல நடிகை. ஹல்டாவைவிட நல்ல நடிகை என்பது அந்தக் காலத்திலேயே இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. ஒரே வருஷத்தில் ஒப்பந்தமானவர்கள், நடிக்க வரும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரே அறை. ஆனால் வின்னிக்குத் தாடை நீளம். கேமராவுக்கு அந்தத் தாடை ஆகாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட, அவள் வேலைக்காரியாகவும் நர்ஸாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் கதவைத் திறந்து கதவை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கணவன் ராய் பக்கவாதத்தில் படுத்தான். எட்டு வருஷம் அவனுக்குச் சோறூட்டினாள். போன குளிர்காலத்தில் அவன் போய்விட்டான். வில்ஷயர் சாலையில் ஒரு பெரிய கடையில் விற்பனைப் பெண்ணாக நிற்பதாகவும், ஏதாவது சின்ன வேஷம் இருந்தால் சொல்லும்படியும் அவள் தொலைபேசியில் கேட்டபோது, லெனோர் அன்று முழுவதும் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டு திரிந்தாள்.

முதலில் இருவரையும் சேர்த்து முழுக் காட்சியையும் ஒரே ஓட்டமாக எடுத்தார்கள். பிறகு க்ளோசப். முதலில் எடுப்பது நட்சத்திரத்துக்கு. முகம் களைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. கேமரா லெனோருக்கு எதிரே வந்து நின்றது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வின்னியை உட்காரச் சொன்னார்கள். படத்தில் அவள் விழ மாட்டாள். எதிராளி பார்த்துப் பேசுவதற்கு ஒரு முகம் வேண்டும், அதற்குத்தான் அந்த நாற்காலி.

அந்த நாற்காலியைப் பற்றி அவர்களுக்குள் பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. இருவரும் சேர்ந்து நடித்த முதல் படத்தில், பெரிய நடிகர் தன்னுடைய க்ளோசப் முடிந்ததும் டென்னிஸ் ஆடப் போய்விட்டார். ஒரு கம்பில் துணியைச் சுற்றி நட்டு வைத்து, இதுதான் அவர், இதைப் பார்த்து அழு என்றார்கள். ஹல்டா கம்பைப் பார்த்து அழுதாள். மறுநாள் வின்னியும் அதே கம்பிடம் தன் எஜமானி இறந்த செய்தியைச் சொன்னாள். விடுதி அறையில், தடை செய்யப்பட்ட மின்சார அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டே, நாம் ஒருவரை ஒருவர் கம்போடு விடக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு முறைகூட அதை மீறியதில்லை.

வின்னி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பார்கள். தன் முறை வரும்போது வேண்டுமே என்று கண்ணீரைப் பத்திரப்படுத்திக்கொண்டு, குரலை மட்டும் கொடுப்பார்கள். வின்னி எதையும் மிச்சம் வைக்கவில்லை. தட்டுக் கதையைச் சொன்னாள். அப்பா கடைசிக் காலத்தில் தங்கையின் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டதையும், தான் அதைத் திருத்தாமல் 'இங்கேதான் இருக்கேன்பா' என்று பதில் சொன்னதையும் சொன்னாள். அந்த இடத்தில் அவள் குரல் உடையவில்லை, கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கிக் கழுத்துக்குப் போனது. எதிரே அப்படி ஒரு முகம் இருக்கும்போது நடிக்க என்ன இருக்கிறது? லெனோர் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாமலே அவள் முகத்தில் எல்லாம் வந்து போயிற்று. டைரக்டர் கெச்சம் 'கட்' சொல்ல மறந்து நின்றான். பிறகு கைதட்டினார்கள். எல்லோரும் லெனோரைப் பார்த்துத்தான் தட்டினார்கள், வின்னியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

விளக்குகளைத் திருப்பிப் போட நேரமாகும். மேக்கப் பெண் லெனோரின் முகத்தில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தபோது ஹோவர்ட் வந்தான்.

"நம்ம தொடருக்குப் பணம் போடற சோப்புக் கம்பெனிக்காரங்க சிகாகோவுல இருந்து வந்திருக்காங்க. உன்கூட ஒரு போட்டோ வேணுமாம். ஷூட்டிங் முடிஞ்சே எடுத்துக்கலாம், அவங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவன் அப்படித்தான் சொன்னான். அவசரம் இல்லை என்று தெளிவாகவே சொன்னான். பின்னால் எத்தனையோ முறை அவள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள், தப்பித்துக்கொள்ள அந்த வாக்கியத்தில் ஒரு சந்தும் இல்லை.

"பாவம், காக்க வைக்கிறது நல்லா இருக்காது" என்றாள் லெனோர். "இப்பவே போயிட்டு வந்துடறேன். என் வசனம் நாலு வரிதானே. மிஸ் ப்ரூயிட் படிச்சுடுவாங்க."

மிஸ் ப்ரூயிட் ஸ்கிரிப்டை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் காட்சியில் எந்தக் கையில் கோப்பை இருந்தது என்று குறித்துக்கொள்ளும் பெண். சொல்வதைச் செய்வாள். வின்னி மேசையருகே தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், முகத்துக்கு நேரே யாரோ, கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். லெனோர் எழுந்து போவதை அவள் நாடாவுக்கு மேலாகப் பார்த்தாள்.

"போயிட்டு வந்துடறேன், வின்னி. கம்பெனிக்காரங்க. தவிர்க்க முடியாது."

"போயிட்டு வா ஹல்டா. வேலையாச்சே."

போட்டோ எடுக்க ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சோப்புப் பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள், சிரித்தாள், மூன்று ஆண்கள் மாறி மாறித் தோளருகே வந்து நின்றார்கள், முடிந்தது. அவள் நேராகத் தன் அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. திரும்பி வந்து, ஆனால் செட்டுக்குள் போகாமல், சமையலறைச் சுவரின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் இருந்து பார்த்தால் அந்தச் சமையலறை வெறும் பலகையும் முட்டுக் கொடுத்த கட்டைகளும்தான். ஜன்னலுக்கு வெளியே தோட்டம் வரைந்த பெரிய துணி தொங்கியது. ஜன்னலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில், முதுகுப் பக்கம் ஏதோ ஒரு விளக்கு சுட, அவள் நின்றுகொண்டாள்.

உள்ளே மிஸ் ப்ரூயிட் படித்தாள். "ஏன் எனக்குச் சொல்லி அனுப்பலை." மளிகைச் சாமான் பட்டியலைப் படிப்பதுபோல் படித்தாள், பாவம், அவளுக்கு அது வேலையில்லை. வின்னி தொடங்கினாள். மூன்றாவது தட்டு வரை வந்தாள், நின்றாள்.

"மன்னிக்கணும். திரும்ப எடுக்கலாமா?"

"பரவாயில்ல மேடம். நிதானமா செய்ங்க" என்றான் கெச்சம். நல்ல பையன், ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிறவன்.

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை அப்பா தட்டைக் கழுவும் இடத்தில் வார்த்தை முன்பின்னாக விழுந்தது. அதற்கு அடுத்த முறை வின்னி சரியாகவே சொன்னாள், ஆனால் மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் இருந்தது, அவளே பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். பக்கத்தில் சுத்தியல் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது, யாரும் அதை அடக்கவில்லை.

உள்ளே போ, என்று லெனோர் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கதவு பத்தடிக்குள் இருக்கிறது. 'வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க, போட்டோக்காரங்க விடலை' என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். வின்னி அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தானாக வரும், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நிச்சயமாகத் தெரிந்ததுதான் தொல்லை. அந்த முகம் திரையில் விழுந்தால் ஹோவர்ட் எழுதுகிறவர்களிடம் பேசுவான். அக்கா வீட்டோடு தங்கிவிடுவாள். வாரா வாரம் மேசைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள், வாரா வாரம் சுத்தியல் சத்தம் நிற்கும். இன்னும் ஒரு டேக் பார்ப்போம், என்று நினைத்தாள் லெனோர். அவளே சமாளித்துவிட்டால் நான் போக வேண்டியதில்லை, சமாளிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகிறேன். இப்படியே ஒவ்வொரு டேக்காக நினைத்துக்கொண்டு அவள் தோட்டத்து ஓரத்திலேயே நின்றாள்.

கடைசியில் கெச்சம் சொல்வது கேட்டது. "போதும் மேடம், ரொம்ப நல்லா பண்ணீங்க. ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்தது இருக்கு, அதை வச்சுப் பார்த்துக்கறோம்." இந்தத் தொழிலில் 'ரொம்ப நல்லா பண்ணீங்க' என்பதற்கு என்ன பொருள் என்று வின்னிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வின்னி தன் சொந்த உடுப்புக்கு மாறிக்கொண்டு, கைப்பையோடு லெனோரின் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ரொம்ப நன்றி ஹல்டா. நீ சொல்லலைன்னா என்னை யாரு கூப்பிட்டிருப்பா?"

"எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் லெனோர். கேட்ட பிறகு அந்தக் கேள்வியை நினைத்து அவளுக்கே கூசியது.

"சொதப்பிட்டேன். ரொம்ப வருஷமாச்சுல்ல, துரு ஏறிடுச்சு. பரவாயில்ல, கடையில லீவு கேட்டுத்தான் வந்தேன். நாளைக்குப் போய் நிக்கணும்." அவள் சிரித்துக்கொண்டு லெனோரின் கன்னத்தைத் தொட்டாள். "உன் க்ளோசப் பிரமாதம். பார்த்துட்டே இருந்தேன். நல்லா இரு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். லெனோர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவளுடைய தாடையும் வாயும் கொஞ்சம்கூட அசையாமல் நன்றாகத்தான் இருந்தன.

மறுநாள் மதியம், எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் சின்ன அறையில் எல்லோரும் கூடினார்கள். லெனோரின் க்ளோசப் ஓடியது. எத்தனையோ வருஷம் தன் முகத்தைத் திரையில் பார்த்துக் குறை கண்டுபிடித்தவள் அவள். இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேமராவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்து வின்னி பேசியது முழுவதும் ஒலிநாடாவில் விழுந்திருந்தது. சாதாரணமாக அதை யாரும் ஒழுங்காகப் பதிவு செய்ய மாட்டார்கள். ஒலிப்பதிவுக்காரருக்கு என்ன தோன்றியதோ, அவளுக்கென்று தனியாக ஒரு மைக்கை இறக்கியிருந்தார். 'இங்கேதான் இருக்கேன்பா' என்றது குரல். திரையில் லெனோர் அழுதாள்.

எடிட்டர் விளக்கைப் போட்டார். "பிரச்சினையே இல்ல. அக்கா முகம் தேவையே இல்லை. அந்தக் குரலை அப்படியே மேடம் முகத்து மேல ஓட விட்டுடலாம். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மேடம்தான். சும்மா அள்ளிடும்."

"இந்த வருஷ விருது வீட்டுக்கு வந்தாச்சு" என்றான் ஹோவர்ட், மாத்திரையைச் சப்பிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். லெனோரும் சிரிக்கத் தொடங்கினாள், அது வாயில் பாதியில் நின்றது. வின்னியின் கண்ணீரைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது போதாதென்று, இப்போது அவள் முகத்தையும் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் பிடுங்கி வைத்துக்கொள்கிறோம் என்று தோன்றியது. திருடி என்று அவள் தன்னை நினைத்துக்கொண்டாள். அந்தச் சொல் மிகையாகப் படவில்லை.

அறையில் மற்றவர்கள் போன பிறகு ஹோவர்டின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வின்னியோட க்ளோசப்பைத் திரும்ப எடுக்கணும்."

"எதுக்கு? எடிட்டர் சொன்னதைக் கேட்டேல்ல?"

"சமையலறை செட் அப்படியேதானே இருக்கு. திங்கட்கிழமை காலையில ஒரு மணி நேரம் கொடு."

"லெனோர், இது உனக்கு நல்லா அமைஞ்சிருக்கு. எதுக்கு வலியப் போய்க் கெடுத்துக்கறே?"

"நேத்து நான் அங்கே உட்கார்ந்திருந்திருக்கணும். நான் போயிட்டேன்."

"போட்டோவுக்குத்தானே போனே?"

"இல்ல" என்றாள் லெனோர்.

முப்பது வருஷமாக நடிகைகளோடு வேலை பார்த்தவன் அவன், அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. "ஒரு மணி நேரம்" என்று மட்டும் சொன்னான்.

தொலைபேசியில் சொல்லிவிடலாம், சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தானே காரை ஓட்டிக்கொண்டு வில்ஷயர் சாலைக் கடைக்குப் போனாள். கீழ்த்தளத்தில், வாசனைத் திரவியங்களைத் தாண்டி, கையுறை விற்கும் இடத்தில் வின்னி நின்றாள். கழுத்து வரை மூடிய கறுப்பு உடுப்பு, கடைப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான். வழியில் இரண்டு பெண்கள் லெனோரைக் கண்டுகொண்டு, ஒருத்தி "உங்க சின்னவனுக்கு இப்ப உடம்பு தேவலையா?" என்று தொடரில் வரும் பிள்ளையை விசாரித்தாள். தேவலை என்று பதில் சொல்லிவிட்டு அவள் வின்னியின் முன்னால் போய் நின்றாள்.

"நிக்காதே, உட்காரு" என்றாள் வின்னி தாழ்ந்த குரலில். "மேற்பார்வை பார்க்கிற அம்மா இங்கேயே பார்க்குது. ஏதாவது வாங்கற மாதிரி இரு. வெள்ளை காட்டட்டுமா?"

லெனோர் உயரமான முக்காலியில் உட்கார்ந்தாள். வின்னி ஒரு சின்ன வெல்வெட் மெத்தையை எடுத்து மேசை மேல் வைத்து, அவள் முழங்கையைப் பிடித்து அதில் ஊன்றி, கை மேல் நோக்கி நிற்கும்படி வைத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்தாள்.

"திங்கட்கிழமை காலையில உன் க்ளோசப்பைத் திரும்ப எடுக்கறோம்" என்றாள் லெனோர். "ஹோவர்ட் ஒத்துக்கிட்டான்."

"எதுக்கு? எல்லாம் சரியா வந்துடுச்சுன்னு அந்த டைரக்டர் பையன் போன் பண்ணிச் சொன்னானே." வின்னி கையுறைக்குள் கொஞ்சம் பவுடரைத் தட்டி உலுக்கினாள்.

"உன் மேல தப்பில்ல வின்னி. அதைச் சொல்லத்தான் வந்தேன். போட்டோ சீக்கிரமே முடிஞ்சுடுச்சு. நான் திரும்பி வந்துட்டேன். வந்து, செட்டுக்கு வெளியே…"

"ஜன்னலுக்குப் பின்னாடி நின்னே."

லெனோர் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஜன்னல்ல வெயில் அடிக்கிற மாதிரி வச்ச விளக்கை அணைக்காம விட்டிருந்தாங்க" என்றாள் வின்னி. மரக்கவ்வி ஒன்றைக் கையுறையின் விரல்களுக்குள் விட்டு ஒவ்வொன்றாக அகட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. "திரைச்சீலை ஓரத்துல உன் கொண்டையோட நிழல் விழுந்துச்சு. எனக்கு நேரே. மத்தவங்க எல்லாம் என்னைப் பார்த்துட்டு இருந்தாங்க, அதனால ஒருத்தரும் கவனிக்கலை. முதல்ல எனக்கு சந்தோஷமா இருந்துச்சுடி. வந்துட்டா, இதோ உள்ளே வந்துடுவான்னு நினைச்சேன். அடுத்த டேக்லயும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் வசனம் எங்கே ஞாபகம் இருக்கும்? நீ எப்ப வருவேன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

"சாயங்காலம் வந்து எனக்கு நன்றி சொன்னியே."

"வேலை வாங்கிக் கொடுத்தே. சொல்லாம எப்படிப் போறது?"

வின்னி திட்டியிருந்தால் லெனோர் தனக்குத் தெரிந்த ஏதாவதொன்றைச் செய்திருப்பாள். அழுதிருப்பாள், கையைப் பிடித்திருப்பாள். வீட்டிலிருந்து வரும்போது காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளெல்லாம், வின்னிக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்வதற்காகத் தயாரித்தவை.

"ஹோவர்ட் உன்னை நிரந்தரமா சேர்த்துக்கலாம்னான். அதான். எனக்குப் பயம் வந்துடுச்சு" என்றாள். "வேற ஒரு காரணமும் இல்ல. திங்கட்கிழமை வா. நான் அந்த நாற்காலியிலதான் இருப்பேன். எத்தனை டேக் ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன்."

"இருப்பே. எனக்குத் தெரியும். என்னைவிட நீதான் அதிகமா அழுவே." வின்னி லேசாகச் சிரித்தாள். பிறகு, வேலையைப் பற்றி யோசிக்கிறவள்போல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "ஆனா நான் உன் முகத்தைப் பார்க்கும்போது யாரைப் பார்ப்பேன்? வீட்டை விட்டுப் போன தங்கச்சியையா, ஜன்னலுக்குப் பின்னாடி நின்னவளையா? அதுதான் எனக்குச் சொல்லத் தெரியலை."

"வருவியா மாட்டியா, வின்னி?"

"கையைக் கொடு. அந்தம்மா பார்க்குது."

அவள் கையுறையை லெனோரின் விரல்களில் மாட்டினாள். மெல்லிய ஆட்டுத்தோல், கொஞ்சம் இறுக்கம். சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகத் தன் இரண்டு விரல்களால் நீவி நீவிக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். கணுக்கள் வரை வந்து தோல் நின்றுவிட்டது.

"இறுக்கிப் பிடிக்காதே. விரலைத் தளர விடு."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"இல்ல. இன்னும் விடு."

லெனோர் தன் கையைப் பார்த்தாள். பாதி வெள்ளைத் தோலும் பாதி வெறுங்கையுமாக அது மெத்தை மேல் செங்குத்தாக நின்றது. யாருடையதோபோல் இருந்தது. தளரும்படி அதற்கு மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், விரல்கள் விறைத்தே இருந்தன. வின்னி அவசரப்படுத்தவில்லை. தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தானாகத் தளரட்டும் என்று காத்திருந்தாள்.